வடமராட்சி கிழக்குக் கரையில் சுனாமி தவிர வேறென்ன வந்தது?

கேள்வி இதுதான்: அம்மம்மாவின் காணி உடுத்துறைப் பக்கம் கிடக்கிறது, பிள்ளைகள் அதில் ஒரு சின்ன வீடு கட்ட ஆசைப்படுகிறார்கள். சுனாமி வந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கரையில் என்னென்ன இயற்கை அழிவுகள் நடந்தன, இனி எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீடு கட்டலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 அந்தக் கரையில் சனத்தை மட்டும் கொண்டுபோகவில்லை, அதற்கு முந்திய அழிவுகளின் நினைவையும் மூடிவிட்டது. இன்றைக்கு யாரிடம் கேட்டாலும் கடலைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் வருடா வருடம் அந்த ஊர்களைப் படுத்துவது பெரும்பாலும் முதுகுப் பக்கத்தால் வரும் தண்ணீர். ஊரின் அழிவு வரலாற்றைக் கொஞ்சம் நீளமாகப் பார்த்தால் இது தானாகத் தெரியவரும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிழக்குக் கரை இது. பருத்தித்துறைக்குத் தெற்கே மணற்காட்டில் தொடங்கி குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, வத்திராயன், உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று சுண்டிக்குளம் வரை போவது ஒரு ஒடுங்கிய மணல் நிலம். கிழக்கே வங்கக்கடல், மேற்கே களப்பு, அதாவது ஆழமில்லாத கடல்நீரேரி. கடலோரத்தில் மணற்திட்டி எழும்பி நிற்கும். திட்டிக்குப் பின்னால் நிலம் இறங்கும். அங்கேதான் வீடுகள், தென்னை, பனை, கிணறு எல்லாம். அதற்கும் பின்னால் தரவை என்கிற வெறும் புல்வெளி, தரவைக்கு அப்பால் களப்பு. கோடையில் களப்பு வற்றி வெடித்து உப்புப் பூத்துக் கிடக்கும். அப்போது போய்ப் பார்க்கிறவருக்கு அது ஒரு நீர்நிலை என்றே தோன்றாது. மாரியில் அதே இடம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளம். ஆக, ஊர் இரண்டு தண்ணீருக்கு நடுவில் இருக்கிறது. கடல் பொங்கினால் மேற்கே ஓட வேண்டும், களப்பு பொங்கினால் கிழக்கே கடற்கரைத் திட்டிக்கு ஏற வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொங்கினால் வடக்குத் தெற்காகப் போகும் ஒரு றோட்டும், களப்பைத் தாண்டி ஏ9 என்கிற கண்டி-யாழ்ப்பாண வீதிக்குப் போகும் ஓரிரு பாதைகளும்தான் மிச்சம்.

இப்போது 1964. வயதான கடற்றொழிலாளர் வீடுகளில் "அறுபத்திநாலாம் ஆண்டுப் புயல்" என்றால் இன்னும் தெரியும். அந்த வருடம் டிசம்பர் 22ஆம் தேதி திருகோணமலைப் பக்கத்தால் கரையேறிய சூறாவளி வவுனியா ஊடாக மன்னாரைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியைத் தரைமட்டமாக்கியது. பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் அள்ளிக்கொண்டு போன கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்துக் கதை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை என்பது எனக்கு ஒரு குறை. வடமராட்சியிலிருந்து தீவகம் வரைக்கும் வள்ளம், கட்டுமரம், வலை என்று தொழில் முதல் எல்லாம் போனது. அன்றைக்குப் படகுக்குக் காப்புறுதி என்ற பேச்சே கிடையாது. ஒரு சம்மாட்டியின், அதாவது வலைச் சொந்தக்காரரின், கரைவலை போனால் அந்த வலையில் இழுத்த அத்தனை குடும்பத்துக்கும் அடுப்பு எரியாது. நத்தாருக்கு இரண்டு மூன்று நாளைக்கு முன்பு வந்த புயல் அது. அந்தக் கரையில் பல ஊர்கள் கத்தோலிக்க ஊர்கள், அந்த நத்தார் எப்படிக் கழிந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

புயல் எந்தப் பக்கத்தால் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்தக் கரைக்கு என்ன நடக்கும் என்பது இருக்கிறது. இதை விளங்கிக்கொண்டால் வானிலை அறிக்கையை நீங்களே வாசித்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் சூறாவளிக் காற்று கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழலும். புயல் நமக்குத் தெற்கால், அதாவது திருகோணமலை, முல்லைத்தீவுப் பக்கத்தால் மேற்கே போனால் வடமராட்சி கிழக்குக்குக் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். கடலை அப்படியே கரைக்குத் தள்ளும். 1964இல் நடந்தது அதுதான். புயல் வடக்கால், வேதாரணியம், நாகப்பட்டினம் பக்கம் போனால் காற்று மேற்கிலிருந்து வரும். கடல் அவ்வளவு ஏறாது; ஆனால் களப்பில் நிற்கும் வெள்ளத்தை ஊர்ப்பக்கம் ஒதுக்கும். 2018 நவம்பரில் வேதாரணியத்தில் கரையேறிய கஜா அந்த வகை.

அறுபத்திநாலின் பாதையிலேயே பிறகும் புயல்கள் வந்தன. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஒன்று திருகோணமலையில் ஏறி வடமத்திய மாகாணத்தைக் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கியது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி, திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி ஏறத்தாழ அதே கோட்டில் போனது. புரெவியின் காற்று 1964இன் காற்றுக்குக் கிட்டவும் நிற்காது. அதோடு நாட்கணக்கில் முன்னறிவித்தல் இருந்தது, படகுகளை மேலே இழுத்து, எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டுச் சனம் பாடசாலைகளுக்குப் போய்விட்டது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி எங்களுக்கு எட்டத்தால் போய்விட்டது. அந்தப் பலத்தில் ஒன்று அறுபத்திநாலின் கோட்டில் இன்றைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அனர்த்த முகாமைத்துவக் கூட்டங்களில் பேச வேண்டும். பேசுவது குறைவு.

சரி, சுனாமி. தெரிந்த கதையை முழுக்கச் சொல்லவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், போயா (பௌர்ணமி) தினமும் கூட. சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவு நிலநடுக்கம், அப்போதிருந்த இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு. ஆழ்கடலில் அலை மணிக்கு 700, 800 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவராவது ஒரு தகவல் சொல்லியிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் மிகப் பெரும் பங்கு இந்த ஒடுங்கிய கரையில். உடுத்துறையில் இருக்கும் நினைவாலயத்துக்கு டிசம்பர் 26இல் ஒருமுறை போய்ப் பாருங்கள், குடும்பப் பெயர்கள் எப்படிக் கொத்துக் கொத்தாக வருகின்றன என்று.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்லிக்கொடுப்பது சரிதான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அன்று தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் வற்றியது. இலங்கையின் கிழக்குப் பக்கம் முதலில் வந்ததே ஏறுகிற அலை. பூமி எந்தப் பக்கம் தூக்கியது, எந்தப் பக்கம் தாழ்ந்தது என்பதைப் பொறுத்து இது மாறும். கடல் பெரிதாக உள்ளே போனது முதல் அலைக்குப் பிறகு. அதைப் பார்க்கவும், கிடந்த மீனைப் பொறுக்கவும், தப்பியவர்களைத் தேடவும் இறங்கியவர்களை அடுத்த அலை பிடித்தது. ஆகவே கடல் வற்றும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நீளமான நில அதிர்வு உணர்ந்தாலோ, எச்சரிக்கை வந்தாலோ புறப்பட வேண்டியதுதான். ஒரு அலை போனபின் உடனே திரும்பி இறங்கவும் கூடாது.

யாழ்ப்பாணத்துக்குள்ளேயே சுனாமி எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்கவில்லை. ஆழ்கடலைப் பார்த்து நிற்கும் வடமராட்சி கிழக்கு முழு அடியையும் வாங்கியது. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் அலை வளைந்து வந்தது. சேதம் இருந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதால் தீவகமும் யாழ் நகர்ப்பக்கக் கடல்நீரேரியும் ஏறத்தாழத் தப்பின. புயல் அலைக்குக் கணக்குத் தலைகீழ். ஆழம் குறைந்த கடலில்தான் காற்று தண்ணீரைக் குவித்து மேலேற்றும். தனுஷ்கோடியும் மன்னார்க் கரையும் 1964இல் மூழ்கியது அதனால்தான். சுனாமியில் தப்பிய ஊர், புயலிலும் தப்பும் என்று நினைத்துவிடக் கூடாது.

2004க்கு முன் இலங்கைக்குச் சுனாமி வந்ததே இல்லையா என்று சிலர் கேட்பார்கள். 1883 ஆகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்தில் கடல் இறங்கி ஏறியது பதிவாகியிருக்கிறது. அதைத் தவிர இரண்டு மூன்று தலைமுறையின் நினைவில் எதுவும் இல்லை. நினைவில் இல்லாததால்தான் அன்று யாரும் ஓடவில்லை.

சுனாமிக்குப் பிறகு நடந்தவற்றில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று கிணறு. இந்தக் கரையில் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே, பாலில் ஆடை மாதிரி, ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கும். கிணறு அந்தப் படைக்குள்தான் இறங்கியிருக்கிறது. உப்பு நீரைவிட நன்னீர் பாரம் குறைவு என்பதால்தான் இது நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. மேலே ஒரு அடி இறைத்தால் கீழே நாற்பது அடியை இழக்கிறோம் என்றும் அதை வாசிக்கலாம். சுனாமி வந்து கிணற்றையெல்லாம் கடல்நீரால் நிரப்பிவிட்டது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனதோடு பம்பு வைத்து இறைத்தார்கள், இறைத்துவிட்டுத் திரும்பவும் இறைத்தார்கள். இறைக்க இறைக்க அடியிலிருந்த உப்பு மேலே வந்தது. பிறகுதான் ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள்: சேற்றையும் அழுக்கையும் எடுக்க ஒருமுறை இறைத்தால் போதும், மிச்சத்தை மாரி மழை பார்த்துக்கொள்ளும் என்று. கிழக்கிலங்கைக் கரை முழுவதும் இதே பாடம். பல கிணறுகள் தெளிய ஒன்றுக்கு மேற்பட்ட மாரி எடுத்தது.

இன்றைக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. யாழ்ப்பாணத்துக்கே தண்ணீர் இந்தக் கரையிலிருந்து போகிறது என்பது ஒரு பக்கம் பெருமைதான். ஆனாலும் உங்கள் காணியின் கிணறு கிணறுதான், அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

சுனாமிக்குப் பிந்திய நாலைந்து வருடத்தை இயற்கை அழிவு என்ற தலைப்புக்குள் மட்டும் வைத்துப் பேச முடியாது. கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். பிறகு தளர்த்தினார்கள். இந்தக் கரையின் பெரும்பகுதி அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. உதவியைப் பங்கிட அரசும் புலிகளும் 2005 ஜூனில் ஒரு பொதுக் கட்டமைப்புக்குக் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாதமே உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் அது நின்றுபோனது. 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டது. சுனாமி வீட்டுத்திட்டத்தில் கூரை ஏறிய வீடுகளை விட்டுவிட்டே சனம் மறுபடி இடம்பெயர்ந்தது. போர் முடிந்து திரும்பி வந்தபோது அந்தக் கூரைகளும் இல்லை. அதனால் ஊரில் ஒருவர் "அழிவுக்குப் பிறகு கட்டின வீடு" என்று சொன்னால், எந்த அழிவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த இடைக்காலத்தில்தான் நிஷா புயல் வந்தது, 2008 நவம்பர் கடைசிக் கிழமை. காற்று பெரிதில்லை. ஆனால் அது அசையாமல் வடக்கின் மேலேயே நின்று கொட்டித் தீர்த்தது. யாழ்ப்பாணத்தின் ஒரு வருட மழை சராசரியாக 1,250 மில்லிமீற்றர் அளவு. அதில் ஒரு பெரும் பங்கு சில நாட்களுக்குள் விழுந்துவிட்டது. வன்னியில் தறப்பாளுக்குக் கீழே இருந்த சனத்தை வெள்ளம் இன்னொரு முறை கிளப்பியது. அன்றைய நிலைமையில் அதை ஒரு இயற்கை அனர்த்தமாகப் பேச யாருக்கும் நேரமில்லை. அதனால்தான் நிஷா பலருக்கு ஞாபகத்தில் இல்லை. என்னைக் கேட்டால், இந்தக் கரையின் எதிர்காலத்துக்கு நிஷாதான் சரியான முன்மாதிரி.

ஏனென்றால் களப்புக்கு வரும் தண்ணீர் உள்ளூர் மழை மட்டும் இல்லை. வன்னிக்குள் பெய்யும் மழை கனகராயன் ஆற்றால் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கு வந்து, குளம் நிரம்பி வான்கதவு திறந்தால் ஆனையிறவு, சுண்டிக்குளப் பக்கம் இறங்கும். 2018 டிசம்பர் 21, 22இல் கிளிநொச்சி வெள்ளம் வந்தபோது இதைப் பார்த்தோம். தண்ணீர் வெளியே போக வேண்டிய இரண்டு வாசல்கள், வடக்கே தொண்டைமானாறு, தெற்கே சுண்டிக்குளம். தொண்டைமானாற்றில் கதவு வைத்த அணை இருக்கிறது. சுண்டிக்குளத்தில் மணல் மூடிய முகத்துவாரம். வெள்ளம் கூடினால் தானே உடைக்கும், இல்லாவிட்டால் வெட்டிவிட வேண்டும். பொறியியலாளர் ஆறுமுகம் "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" என்று திட்டம் போட்டதும் இந்த வாசல்களை அடைத்துக் களப்பை நன்னீராக்கத்தான். நல்ல திட்டம், அரைகுறையில் நின்றுபோனது. சுண்டிக்குளத்தில் கட்டிய அணை வெள்ளத்தில் உடைந்தது.

முகத்துவாரம் வெட்டுவது லேசான வேலை இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கிழக்கே கரையேறி நாடு முழுவதையும் வடக்காகக் கடந்து போனது. மலையகத்தில் மண்சரிவு ஊர்களையே மூடியது, நாடு முழுதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் சுண்டிக்குளத்தில் வெள்ளத்தை வடியவிட முகத்துவாரத்தை அகலப்படுத்திக்கொண்டிருந்த கடற்படையினர் ஐந்து பேரை நீரோட்டம் அள்ளிக்கொண்டு போனது. முதலில் ஒரு கான் அளவுக்குத்தான் வெட்டுவார்கள். உள்ளே நிற்கும் தண்ணீரின் அமுக்கத்தில் கரை மணல் தட்டுத் தட்டாகச் சரியும், கொஞ்ச நேரத்தில் அது ஆறாகிவிடும். நிற்கிறவரின் காலுக்குக் கீழே மணல் போவது போன பிறகுதான் தெரியும். ஊர்ப் பெடியள் இதை வேடிக்கை பார்க்கப் போவார்கள். தயவுசெய்து உங்கள் பிள்ளைகளை விடாதீர்கள்.

வெள்ளம் வடிந்தாலும் வேலை முடியாது. 2024 நவம்பர் கடைசியில், பிறகு பெங்கல் என்று பெயர் வைத்த தாழமுக்கம் கரையோரமாக ஊர்ந்து போனபோது யாழ்ப்பாணம் தண்ணீரில் கிடந்தது. உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். சனம் வீட்டைக் கழுவி முடித்த டிசம்பரில்தான் எலிக்காய்ச்சல் கிளம்பியது. ஆரம்பத்தில் அது எலிக்காய்ச்சல் என்றே பிடிபடவில்லை, மர்மக் காய்ச்சல் என்று செய்தி ஓடியது. வடமராட்சிப் பக்கத்தில் வேலைக்குப் போகிற வயதில் இருந்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள். தேங்கிய வெள்ளத்தில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் ஒரு சின்ன வெடிப்பு, கீறல் போதும் கிருமி ஏறுவதற்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கும் தடுப்பு மாத்திரையை வாங்கி அலுமாரியில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளத்துக்குள் இறங்க வேண்டியவர் அதைப் போட வேண்டும், காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு நாலு நாள் கிடக்கக் கூடாது.

மணலையும் விட முடியாது. மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோவில் மணலுக்குள் புதைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். திட்டி நடமாடும், காற்று அதைக் கொண்டுபோய் வீட்டை, கோவிலை, தோட்டத்தை மூடும். சவுக்குக் காடு வைத்தது அதைப் பிடித்து நிறுத்தத்தான். திட்டி நடமாடுவது இயற்கையின் கை. மற்றது மனிதக் கை: உழவு இயந்திரத்திலும் டிப்பரிலும் திட்டியைக் கிள்ளிக்கொண்டு போவது. சுனாமிக்குப் பிறகு தெற்கே யாலப் பக்கம் ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான்: முழுத் திட்டிக்குப் பின்னால் இருந்த இடங்கள் தப்பின, கடல் தெரியட்டும் என்று திட்டியை இறக்கிய ஒரு உல்லாச விடுதி இருந்த இடத்தால் அலை நேரே உள்ளே போனது. திட்டியில் ஒரு வெட்டு இருந்தால் தண்ணீர் முழுவதும் அந்த வாயால்தான் வேகம் எடுக்கும். இதைத் தெரிந்துகொண்டும் இரவில் மணல் ஏற்றுகிறவர்களைப் பற்றி நான் மரியாதையாக எழுத முடியாது.

எச்சரிக்கை முறை இப்போது இருக்கிறது. நாடு முழுதும் கரையோரத்தில் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் வைத்தார்கள். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்து கரையோரச் சனம் சொற்ப நேரத்தில் வெளியேறியது. பெரிய அலை வரவில்லை, கடலடித் தரை பக்கவாட்டில் உரசியதால் தண்ணீர் பெரிதாக மேலே தூக்கப்படவில்லை. "சும்மா ஓடவிட்டார்கள்" என்று சலித்தவர்களும் உண்டு. எனக்கு அது நல்ல ஒத்திகையாகத்தான் தெரிந்தது. என் குறை வேறு: கடலுக்கு மணி அடிக்க ஆள் இருக்கிறது, களப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது, இரணைமடுக் கதவு எத்தனை அடி திறந்திருக்கிறது என்பது ஊருக்கு நேரத்துக்கு வந்து சேருவதில்லை. கடற்றொழிலாளர் சங்கத்துக்காரர் யாராவது கிளிநொச்சியில் தெரிந்தவருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டுச் சொல்வதுதான் பல வேளை முதல் தகவல்.

இனி உங்கள் வீடு. கட்டலாம். ஆனால் காணியைப் பார்க்கச் சித்திரையில், பிள்ளைகளின் விடுமுறைக்குப் போகாதீர்கள். அப்போது எந்தக் காணியும் அழகாகத்தான் இருக்கும். கார்த்திகைக் கடைசியில், இரண்டு நாள் மழை பெய்தபின் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கத்தால் வருகிறது, அயல் வீட்டுச் சுவரில் பழைய வெள்ளக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு மேலே அத்திவாரத்தை உயர்த்துங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வந்தால் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். திட்டிக்கு மேலேயோ திட்டி வெட்டுக்கு நேரேயோ கட்ட வேண்டாம். முடிந்தால் ஒரு பகுதியையாவது கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டு, வெளியால் படி வையுங்கள். புயலுக்குக் கூரை போனாலும், தண்ணீர் ஏறினாலும் ஒரு இரவைக் கழிக்க அது உதவும். மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள், மணல் நிலத்தில் எல்லாம் சீக்கிரம் ஒன்றோடொன்று கலக்கும். பெரிய மோட்டார் வைத்து இறைக்கவே வேண்டாம்.

இன்னொன்று. அந்தக் கரையில் பழைய எல்லைக்கல் பாதி சுனாமியோடு போனது, மிச்சம் போரோடும் காடு வெட்டலோடும் போனது. அம்மம்மாவின் உறுதி கையில் இருந்தால் முதலில் நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லையைப் பிடியுங்கள். உறுதியும் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்க முடியும். அதற்கு உறுதி இலக்கமோ, எழுதிய நொத்தாரிசின் பெயரும் வருடமுமோ தெரிந்தால் வேலை சுலபம். குடும்பத்தில் வயதானவர்களிடம் இந்த விபரங்களை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.